எங்கள் வீட்டில் இடப்பக்கம் காணாமல் போன வருஷம்

மூளைக்கு மூன்று பாகங்கள் என்று எட்டாம் வகுப்புக்கு நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பெருமூளை யோசிக்கும், சிறுமூளை உடம்பைத் தள்ளாடாமல் நிறுத்தும், முகுளம் மூச்சையும் இதயத்தையும் பார்த்துக்கொள்ளும். கரும்பலகையில் முந்திரிக்கொட்டை மாதிரி ஒன்று வரைந்து, மூன்று கோடு இழுத்துப் பெயர் எழுதிவிட்டால் மூளை முடிந்தது. அடுத்த வாரம் சிறுநீரகம். அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த ஆசிரியை உத்தியோகம். சிறுமூளைக்கு உதாரணம் வேண்டியபோதெல்லாம் எனக்கு அம்மாவின் தம்பி, என் மாமா ஞாபகத்துக்கு வருவார். மதுவிலக்கு அமலில் இருந்த அந்தக் காலத்தில், சாயங்காலம் அவர் கடைத்தெரு ஏற்றத்தில் நடந்து வருவதைப் பார்த்தால் சிறுமூளையின் அருமை யாருக்கும் விளங்கும். அதைப் பிள்ளைகளிடம் சொல்ல முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இடப்பக்கம் என்பதும் மூளைக்குள் ஓர் இடத்தில் குடியிருக்கிறது, அந்த இடம் கெட்டால் உலகத்தில் பாதி காணாமல் போகும் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. புத்தகத்தில் இல்லாததால் எனக்கும் தெரியாது. என்னை அப்படித்தான் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு கிளப் வைத்திருந்தார். பழனியிலிருந்து பிழைப்புக்காக மலையேறிய குடும்பம் எங்களுடையது. சமையல் அம்மா, கல்லா அப்பா. அப்பா மனிதர்களை முகம் பார்த்து எடைபோட மாட்டார். அவர்கள் சாப்பிட்டு எழுந்த இலையைப் பார்த்து எடைபோடுவார். ஊறுகாயைத் தொடாதவனுக்கு வயிற்றுப் புண். சோற்றை ஒதுக்கினவனுக்குக் கடன். தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல் எழுந்தவன் வீட்டில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவன். இதை அவர் ஜோசியம் போலச் சொல்வார், வேலைக்காரர்களும் ஆமாம் முதலாளி என்பார்கள். காலை பஸ்ஸில் பண்ணைக்காட்டுப் பக்கமிருந்து வரும் இலைக்கட்டை அவரே பிரிப்பார். நுனி இலை ஆபீசர்களுக்கும் வக்கீல்களுக்கும். நுனி போன துண்டு, அதை ஏடு என்போம், அது மூட்டை தூக்குகிறவர்களுக்கு. யாருக்குப் போட்டாலும் நுனி சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இதில் ஒருநாள் தவறிய பையனை அவர் ஒரு ஸீஸன் முழுக்கத் திட்டினார்.

ஒருநாள் காலையில் வெள்ளனே, வேலைக்காரர்கள் எல்லோரும் நிற்கும்போது, அப்பா கரண்டியால் சாம்பாரை மொண்டு ஊற்றிப் பார்த்தார்.

"இது சாம்பாரா, லேக்கு தண்ணியா?" என்றார்.

அம்மா சாதாரணமாகப் பதில் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு என்னவோ பேசினாள். "அப்ப லேக்குக்கே போயி மோந்து குடிங்க. இனிமே என் மூஞ்சில முழிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதன் பிறகு முதல் பந்திகூட முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பா இடப்பக்கமாகச் சரிந்து விழுந்தார்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிர் தப்பியது முருகன் புண்ணியம் என்றார்கள் சொந்தக்காரர்கள். டாக்டர்கள் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. சில வாரம் கழித்துத் திரும்பி வந்தபோது அப்பாவுக்கு இடது கை விளங்கவில்லை, இடது கால் இழுத்தது. மற்றபடி பேச்சு சுத்தம். யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், எந்த ரூட் டிரைவருக்கு எத்தனை வடை, எல்லாம் ஞாபகம் இருந்தது. மூளைக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். பேச்சு இருந்தால் மூளை இருக்கிறது என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை. அதனால்தான் அத்தையை எல்லோரும் மகா புத்திசாலி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. தம்பியைக் கவனித்துக்கொள்ளப் பழனியிலிருந்து வந்திறங்கினாள். வந்த அன்றே கொடைக்கானல் குளிர் தனக்கு ஆகாது என்று சொல்லி, அப்பாவின் கட்டிலுக்கு வலப்பக்கம் கணப்புச் சட்டியை வைத்து, அதன் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளவாக்கில் இருக்கும். கட்டிலைத் தெற்கே தலை வைத்துத்தான் போட முடிந்தது. அப்படிப் போட்டால் வலப்பக்கம் கணப்பும் அத்தையும். இடப்பக்கம் அடுப்படி வாசல், அதாவது அம்மா.

விசித்திரங்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்தன. அப்பா கண்ணாடி பார்த்துத் தாமே சவரம் செய்துகொண்டார். வலது கன்னம் பளபளவென்று இருந்தது, இடது கன்னத்தில் காடு. திருநீறு மூன்று பட்டையும் வலது நெற்றியோடு நின்றுவிட்டது. அத்தை அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எடப்பக்கம் அம்பாளுக்குன்னு விட்டுட்டான். அர்த்தநாரி அம்சம் வந்திருச்சு எந்தம்பிக்கு," என்றாள்.

அர்த்தநாரியில் இடப்பக்கம் பெண்டாட்டியின் பாகம். எங்கள் வீட்டிலும் காணாமல் போனது சரியாக அதே பாகம்தான் என்பது அத்தைக்கு உறைக்கவில்லை.

பிறகு இலை. வீட்டிலும் அப்பாவுக்கு நுனி இலைதான். சோற்றில் வலது பாதியைச் சாப்பிடுவார், வலப்பக்கம் இருந்த கூட்டைச் சாப்பிடுவார். இடப்பக்கத்து உப்பு, ஊறுகாய், பொரியல், அப்பளம் எல்லாம் வைத்தது வைத்தபடி கிடக்கும். "ஏன் இன்னைக்கு வெஞ்சனமே இல்லையா?" என்று வேறு கேட்பார். கேட்டுவிட்டு இலையை மூடச் சொல்வார். இத்தனை வருஷம் ஊரார் இலையை வைத்து அவர் சொன்ன ஜோசியத்தை இப்போது வீடே அவர் இலையை வைத்துச் சொன்னது. வெஞ்சனம் தொடவில்லை, ஆகவே பெண்டாட்டியோடு சண்டை.

முகத்தையும் அவர் அம்மா பக்கம் திருப்பவில்லை. அம்மா இடப்பக்கம் நின்று, "கஞ்சி கொண்டாரவாங்க?" என்பாள். அப்பா வலப்பக்கம் திரும்பி அத்தையிடம், "கொண்டா, வெரசா கொண்டா," என்பார். அம்மா கொண்டுவந்து இடப்பக்கம் வைப்பாள். அது ஆறிப் போகும். அத்தை எட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்தால் ஒரு சொட்டு விடாமல் குடிப்பார்.

"யாரு குடுத்தா எறங்குதுன்னு பாத்துக்க," என்று அத்தை என்னிடம் சொல்வாள். எனக்குச் சொன்னால் அடுப்படிக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

 அடுப்படியில் விறகைத் தள்ளியபடி ஒருநாள் அம்மா என்னிடம், "நாந்தான சொன்னேன், மூஞ்சில முழிக்காதீங்கன்னு. கேட்டுக்கிட்டாரு. இத்தன வருசத்துல நான் சொன்னதுல இது ஒண்ணத்தான் கேட்டுருக்காரு," என்றாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன் ஒரு சொல்லுக்காகத் தன்னைத் தலைமுழுகிவிட்டார் என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். மாதம் மூன்றாகியிருந்தது. அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

நான் எட்டாம் வகுப்புக்குப் போய்ப் பெருமூளை யோசிக்கும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியில் மலையிலேயே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மாவை அழைத்து வந்தேன். கை விளங்காததற்கு மருந்து கேட்கத்தான் அழைத்தேன். யாரோ முன்ஷி வாத்தியாரிடம் தமிழ் படித்தவர். பிரசங்கம் செய்வது போலப் பேசுவார்.

"ஐயா, தங்களுடைய இடது கரம் எங்கே இருக்கிறது?" என்றார்.

"இந்தா இருக்கு," என்று அப்பா வலது கையைத் தூக்கினார்.

டாக்டரம்மா அப்பாவின் இடது கையை எடுத்து, வலப்பக்கம் அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பிடித்தார். "அப்படியானால் இது யாருடைய கரம்?"

அப்பா அதை மேலும் கீழும் பார்த்தார். "இது எம் மச்சினன் கை," என்றார்.

சுவரோரம் நின்ற மாமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எப்படி அறிந்தீர்கள்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"சோலி ஒண்ணும் பாக்காம சும்மா கெடக்கு பாருங்க. வேற யாரு கையா இருக்கும்?"

இத்தனை தெளிவாகப் பேசுகிற ஆளுக்கு மூளையில் கோளாறு என்று டாக்டரம்மா சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை. அவர் என் சிலேட்டை வாங்கி அப்பாவிடம் கொடுத்து, ஓர் இலை வரைந்து அதில் கல்யாணச் சாப்பாடு பரிமாறிக் காட்டச் சொன்னார். அப்பா உற்சாகமாகிவிட்டார். இலையை வரைந்து, உப்பு முதல் பாயசம் வரை ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். எதையும் விடவில்லை. அத்தனையும் இலையின் வலது பாதியில், சந்தை பஸ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன. இடது பாதி வெறுமையாக இருந்தது. அதில் நுனியைக்கூட அவர் வரையவில்லை. 

டாக்டரம்மா என் தலையின் மேல், வலது காதுக்கு மேலே சற்றுப் பின்னால் விரலை வைத்து விளக்கத் தொடங்கினார். நெற்றிக்குப் பின்னால் இருப்பது நெற்றி மடல். அது கெட்டால் ஆள் குணம் மாறும். பிடரிப் பக்கத்து மடல் கெட்டால் பார்வை போகும். இடது பாதி மூளையில் அடிபட்டால் பேச்சே போகலாம். உங்கள் தகப்பனாருக்கு அடிபட்டது வலது பாதியின் பக்க மடல். உலகத்தில் இடப்பக்கம் எது, தன் உடம்பில் இடப்பக்கம் எது என்று கணக்கு வைப்பது அது. கண் நன்றாகத் தெரிகிறது, காது கேட்கிறது. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தோன்றாது. அங்கே இருப்பது இலையானாலும் சரி, மனிதரானாலும் சரி. இடப்பக்கமிருந்து குரல் வந்தால் வலப்பக்கம்தான் தேடுவார். இவ்வளவையும் சுத்தத் தமிழில் சொன்னார்.

"நீங்களும் உடற்கூறு கற்பிக்கிற ஆசிரியை அல்லவா?" என்று அன்பாகக் கேட்டார். நான் மூன்று பாகங்களோடு நிறுத்திக்கொள்கிறவள் என்று சொல்லவில்லை.

வைத்தியம் மிகச் சுலபம் என்றார் அவர். பாதி சாப்பிட்டதும் இலையைத் திருப்பி வையுங்கள். கட்டிலையும் ஒரு முறை திருப்பிப் போடுங்கள், மனைவியார் வலப்பக்கம் வந்துவிடுவார். அப்புறம், அடிக்கடி அவர் முகத்தைக் கையால் பிடித்து இடப்பக்கம் திருப்பிப் பழக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம், தேறாமலும் போகலாம்.

கட்டிலைத் திருப்பினால் தலை வடக்கே போகும். அத்தை எழுந்து நின்றுவிட்டாள். அவள் எழுந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வடக்க தலை வச்சுப் படுக்கப்போடச் சொல்றா வெள்ளக்காரி. என்ன எண்ணம் பாத்தியா," என்றாள். நாற்காலியை நகர்த்தி அம்மாவுக்கு இடம் விடலாமே என்று நான் சொன்னதற்கு, கணப்பை விட்டு நகர்ந்தால் தன் முழங்கால் விறைத்துக்கொள்ளும் என்றாள். சாஸ்திரம் தம்பிக்கு, முழங்கால் அவளுக்கு. இரண்டும் ஒரே முடிவைத்தான் சொன்னன.

இலையைத் திருப்பிப் பார்த்தோம். இடப்பக்கத்து நுனி வலப்பக்கம் வந்ததும் அப்பா கண்ணில் பட்டுவிட்டது.

"நுனிய எந்தப் பக்கம் போட்டிருக்கீங்க? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சத்தம் போட்டார். பாதி உலகம் மறந்துபோன மனிதருக்கு இலை சாஸ்திரம் மட்டும் மறக்கவில்லை. அதை எந்த மடலில் வைத்திருந்தாரோ.

மறுநாள் அம்மா நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு ஏட்டில் பரிமாறினாள். கூலிக்காரர்களுக்குப் போடுகிற ஏடு. முதலாளிக்கு அது தெரியவில்லை; நுனி இருக்க வேண்டிய பக்கம்தான் அவருக்கு இல்லையே. பாதி சாப்பிட்டதும் அம்மா ஏட்டைத் திருப்பினாள். அப்பா முகம் மலர்ந்து, "இப்பத்தான் வெஞ்சனம் வெந்துச்சா?" என்று கேட்டு, பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

"பாத்தியாம்மா? டாக்டரம்மா சொன்னது சரிதான். உம்மேல கோவமே இல்ல. ஒருதரம் அந்தப் பக்கம் போயி நில்லு," என்றேன்.

"இல வேற, நான் வேற," என்றாள் அம்மா.

அவள் போகவில்லை. தினமும் சொன்னேன், போகவில்லை. வீம்பு என்று நினைத்துக் கோபப்பட்டேன். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அவளே சொன்னாள்: "இந்தப் பக்கம் நிக்கிற மட்டும், அந்தம்மா சொன்னது நெசம்னு நெனச்சுக்கலாம்ல. அங்கிட்டுப் போயி நின்னு, அப்பறமும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாருன்னா நான் என்ன செய்யட்டும்?"  அதன் பிறகு நான் அவளை வற்புறுத்தவில்லை.

ஒரு கிருத்திகை அன்று அத்தை கோயிலுக்குப் போனாள். முழங்காலுக்கு முருகன் விஷயத்தில் மட்டும் விதிவிலக்கு உண்டு. வெளியே பனி மூட்டம், ஜன்னல் சாத்தியிருந்தது. அத்தை போகும்போது ஈரக் கரியை அள்ளிக் கணப்பில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அது புகைந்து, அறை முழுக்கப் புகை. அப்பா மூச்சு முட்டி இருமினார். அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தாள். இடம் வலம் எதையும் யோசிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், ஜன்னலைத் திறந்துவிட்டு, முந்தானையால் சட்டியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கித் திரும்பினாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா சட்டியோடு அப்படியே நின்றாள். கை சுட்டிருக்கும்.

"வந்துட்டியா?" என்றார் அப்பா.

அம்மா சட்டியோடு ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"அடுப்படிக்குள்ளயே இருந்துக்கிட்டு சத்தம் மட்டும் குடுத்துக்கிட்டு இருந்த. வெளிய வந்து மூஞ்சியக் காட்டலையே. நானும் ஒவ்வொரு நாளும் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன். அக்காகிட்ட கேட்டா, இங்கதான நிக்கிறாங்குது. நிக்கிறவ என் கண்ணுக்குத் தெரிய வேணாமா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "அன்னைக்கு சாம்பார் நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா சொன்னேன்."

அம்மா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாதக்கணக்கில் தேக்கிவைத்த அழுகை அது. "இதுக்கு ஏன் அழுகுற, உப்பு மட்டும் கொஞ்சம் கொறச்சல்," என்றார் அப்பா. நானும் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அத்தை கோயிலிலிருந்து வந்தபோது கணப்பு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியோடு கட்டிலின் இடப்பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தம்பியிடம் திருநீற்றை நீட்டினாள். தம்பி வாங்கவில்லை. இந்தாடா என்றாள். தம்பி வலப்பக்கம் திரும்பி அம்மாவிடம் கை நீட்டினார். இரண்டு நாள் இப்படியே போனது. அம்மா தம்பிக்கு ஏதோ வசிய மருந்து வைத்துவிட்டாள் என்று அத்தை மாமாவிடம் சொன்னதாகக் கேள்வி.

மூன்றாம் நாள் அப்பா அம்மாவிடம், "அக்கா எப்ப பழனிக்குப் போச்சு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிருச்சு பாரு," என்றார்.

அவருடைய இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து அத்தை பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பாக்குவெட்டி நின்றுவிட்டது.  பேச்சே மூளை என்று நாங்கள் நம்பியிருந்த அத்தையிடம் பேச்சு இல்லை.

அம்மா இதை ஒரு வாரமாவது வைத்து அனுபவிப்பாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் ஒரு மாதம் அனுபவித்திருப்பேன். அவள் எழுந்து, அப்பாவின் மோவாயை உள்ளங்கையில் ஏந்தி, மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். அவர் கழுத்து முரண்டு பிடித்தது. அவள் விடவில்லை.

"மதினி எங்கயும் போகல. இந்தா இருக்காக. நல்லாப் பாருங்க," என்றாள்.

அப்பா பார்த்தார். "ஏக்கா, எப்ப வந்த?" என்றார். அத்தை அவருடைய விளங்காத கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மச்சினன் கையை எதற்குப் பிடித்துக்கொண்டு அழுகிறாய் என்று அப்பா கேட்கவில்லை. அந்தப் புண்ணியம் போதும்.

அம்மா தன் கையை எடுத்தாள். எடுத்ததும் அப்பாவின் முகம் தானாக வலப்பக்கம் நகர்ந்து, அவள் முகத்தில் வந்து நின்றது. அம்மா தலை குனிந்துகொண்டாள், கல்யாணப் பெண் மாதிரி. அப்பாவின் முகம் அப்படித் திரும்புவது வலது பக்க மடல் கெட்டுப்போனதால் வருவது, அந்த இடத்தில் மாமா நின்றிருந்தாலும் முகம் அங்கேதான் வந்து நின்றிருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். எட்டாம் வகுப்புக்கே அதைப் படம் போட்டு விளக்கிவிடுவேன். அம்மாவிடம் மட்டும் கடைசி வரை சொல்லவில்லை.